மணப்பாட்டில் மூன்று நாள்: தங்க இடம் சொல்லுங்களேன்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். மதுரை வெயிலில் மொட்டை மாடித் தண்ணீர் காலை பத்து மணிக்கே கொதிக்கிறது. போன மே மாதம் கொடைக்கானல் கிளம்பி, மலைப்பாதை நெரிசலிலேயே பாதி நாள் போனது. அதனால் இந்த முறை மலை வேண்டாம், கடல்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

மனதில் இருப்பது மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் தாண்டிப் போனால் வரும் மீனவ ஊர். கடலை ஒட்டிய மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. கல்யாண வீட்டுக்குப் போனபோது ஒரு மணி நேரம்தான் பார்த்தேன், கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நாங்கள் ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டு வலி, சின்னவளுக்கு ஆறு வயது. ஊருக்குள்ளேயே தங்க நல்ல அறை கிடைக்குமா, இல்லை திருச்செந்தூரில் தங்கித் தினமும் போய் வர வேண்டுமா? திருச்செந்தூர் என்றால் கோயில் கூட்டம், அதுதான் யோசனை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுவோம். திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டுக்கு டவுன் பஸ் எத்தனை மணி வரை ஓடும்? குழந்தை காலை நனைக்க எந்தப் பக்கம் அலை குறைவு? குன்றின் மேல் வரை ஆட்டோ போகுமா?

அப்புறம் சாப்பாடு. அன்றன்று பிடித்த மீனை வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்துத் தரும் வீடு ஏதாவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். திரும்பும்போது உடன்குடி கருப்பட்டி வாங்க வேண்டும், கலப்படம் இல்லாத கடை தெரிந்தாலும் சரி. மே இரண்டாம் வாரம் கிளம்புகிறோம்.