தம்பி கூப்பிட்டா போனைக் கவிழ்த்து வைக்கிறேன்: உள்ளே தோண்டணுமா, விட்டுடலாமா?

அரைத்தூக்கம்:
ரொம்ப நாள் பழக்கம் இது. தம்பி பேரு திரையில வந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பேன். அது அதிர்ந்து அதிர்ந்து மேசை மேல நகரும். பார்த்துக்கிட்டே இருப்பேன். நின்னதும் "வேலையா இருந்தேன்டா, அப்புறம் பேசறேன்"னு ஒரு செய்தி போகும். அந்த அப்புறம் வர்றதே இல்ல. போன வாரம் அதை அனுப்பப் போனப்ப, முதல் எழுத்தைத் தட்டினதுமே மிச்ச வரியைப் போனே எடுத்துக் கொடுத்துச்சு. அத்தனை தடவை அனுப்பியிருக்கேன். அப்பதான் உறைச்சது.

அவன்மேல கோபமே இல்லன்னு பத்து வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன். இப்ப சந்தேகமா இருக்கு. உள்ள என்ன கிடக்குன்னு உட்கார்ந்து பார்க்கணுமா, இல்ல பழசைக் கிளறாம இனிமே ஒழுங்கா நடந்துக்கிட்டாப் போதுமா?

நேர்கோடு:
கிளறாதீங்க. 1977-ல நிஸ்பெட், வில்சன்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல வர்ற ஒரு சோதனை: நாலு ஜோடி நைலான் காலுறையை வரிசையா வைச்சு எது உசத்தின்னு கேட்டாங்க. நாலும் ஒண்ணேதான். வலது ஓரத்துல இருந்ததைத்தான் அதிகம் பேர் எடுத்தாங்க. ஏன்னு கேட்டா பின்னல், தரம்னு காரணம் சொன்னாங்களே தவிர, வைச்ச இடம்னு ஒருத்தர்கூட சொல்லல. காலுறைக்கே இந்தக் கதின்னா பத்து வருஷக் கோபத்துக்கு என்ன ஆகும்? தோண்டினா உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு கதைதான் கிடைக்கும். போனை எடுங்க, பேசுங்க, அவ்வளவுதான்.

மழைக்குருவி:
அவ்வளவுதானா? கிளறாம விட்டா அது சும்மா கிடக்குமா? வெள்ளைக் கரடியை நினைக்காதேன்னு வெக்னர்ங்கிற உளவியலாளர் 1987-ல செஞ்ச சோதனை தெரியும்தானே. நினைச்சா மணி அடிக்கணும். மணி அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. அடக்கச் சொன்னதை அப்புறம் தாராளமா நினைக்கலாம்னு விட்டப்போ, கரடி முன்னைவிட அதிகமா வந்துச்சு.

அதைவிட, இவர் விஷயத்துக்குப் பொருந்தறது பெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959-ல செஞ்சது. ஒரு மணி நேரம் மரக்குச்சியைத் திருப்பற மாதிரி சலிப்பான வேலை. முடிச்சவங்ககிட்ட, அடுத்து வர்றவங்களுக்கு "ரொம்ப சுவாரசியம்"னு பொய் சொல்லச் சொன்னாங்க. சிலருக்கு 20 டாலர், சிலருக்கு 1 டாலர். அப்புறம் உண்மையிலேயே வேலை எப்படி இருந்துச்சுன்னு கேட்டப்ப, பரவாயில்லைன்னு சொன்னது ஒரு டாலர்க்காரங்கதான். 20 வாங்கினவனுக்குப் பொய்க்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு டாலர்க்காரன் என்ன பண்ணுவான், தன் பொய்யைத் தானே நம்பிட்டான். அரைத்தூக்கம் சார் காசே வாங்காம பத்து வருஷம் சொல்லியிருக்கார்.

நேர்கோடு:
அது என் பக்கத்து சாட்சிங்க! வாய் போன வழியில மனசு போச்சுன்னுதானே அதுக்கு அர்த்தம்? அப்போ தினம் போனை எடுத்துப் பேசினா மனசும் பின்னாடி வரும்.

மழைக்குருவி:
வரும், நொண்டிக்கிட்டு வரும். ஒரு தோழிகிட்ட மூணு வருஷம் அப்படித்தான் இருந்தேன். தினமும் பேசினேன், சிரிச்சேன். அவ எந்த நல்ல செய்தி சொன்னாலும் என்கிட்டேருந்து "நல்லது"ன்னு ஒத்தை வார்த்தைதான் போச்சு. அது எனக்கே தெரியாது, அவதான் சொன்னா. அப்புறம் பென்னிபேக்கர்ங்கிற உளவியலாளரோட முறையில, மனசை அழுத்தறதை ஒளிக்காம எழுதிப் பார்த்தேன், தினம் 15 நிமிஷம், நாலு நாள்.

நேர்கோடு:
அந்த முறையில எழுதி முடிச்ச உடனே மனசு இன்னும் கனமாகுது. பின்னாடி வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா சராசரிப் பலனும் சிறிசுதான். அதையும் சொல்லுங்க.

மழைக்குருவி:
சொல்றேன். ரெண்டு நாள் அழுதேன். சிறிசோ பெரிசோ, எனக்கு உதவுச்சு.

கரையோரம்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. தம்பிக்கும் இவருக்கும் என்ன நடந்துச்சுன்னு இவர் ஒரு வரிகூட எழுதல, கவனிச்சீங்களா?

சார், ஏன்னு கேட்டா நேர்கோடு சொல்ற மாதிரி கதைதான் வரும். அடுத்த அழைப்பு வர்றப்போ போனைக் கவிழ்க்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு நொடியைப் பாருங்க. உடம்புல எங்க பிடிக்குது, வாய்க்குள்ள என்ன வாக்கியம் ஓடுது? அதை மட்டும் அப்படியே எழுதி வைங்க. பெரிய காயம் ஏதாவது எழும்பினா தனியா கிண்டாதீங்க, ஒரு மனநல ஆலோசகரோட உட்காருங்க.

அரைத்தூக்கம்:
மூணு தடவை கூப்பிட்டான், மூணு தடவையும் பார்த்தேன். கழுத்துக்குக் கீழ பிடிக்குது. ஓடின வாக்கியம், "கேட்டுடுவானோ". கோபத்துல இருக்கறவன் இப்படி நினைப்பானா?

அப்பா படுக்கையில கிடந்த எட்டு மாசமும் அவன்தான் பார்த்துக்கிட்டான். நான் ரெண்டு தடவை போனேன். அவன் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல.

நேர்கோடு:
வருத்தமா இருக்கு. ஆனா இதுவும் ஒரு கதையா இருக்கலாம்.

அரைத்தூக்கம்:
பிடிச்ச மாதிரி கதைன்னு சொன்னீங்களே. இதை எழுதவே கேவலமா இருக்குங்க.

நேர்கோடு:
கேவலமா இருக்கறதாலேயே உண்மைன்னு ஆயிடாது. தன்னைத் தானே திட்டிக்கிறதுலயும் ஒரு சுகம் இருக்கு, திட்டி முடிச்சாக் கணக்குத் தீர்ந்த மாதிரி. உங்க தம்பி மனசுல வேற என்னவோ இருக்கலாம், அது உங்களைத் தோண்டினா கிடைக்காது. அவர்கிட்டதான் கேட்கணும்.

மழைக்குருவி:
இதை முதல் பதிவுலயே சொல்லியிருந்தா நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

நேர்கோடு:
"போனை எடுங்க"ன்னு முதல் பதிவுலயே சொன்னேன் :)

அரைத்தூக்கம்:
நேத்து ராத்திரி நானே கூப்பிட்டேன். என்ன சொல்லணும்னு ஒரு தாள்ல எழுதி வைச்சிருந்தேன். ரெண்டாவது மணியிலேயே எடுத்துட்டான். "என்னண்ணா, இன்னைக்கு வேலை இல்லையா?"ன்னான். குத்தலாக் கேட்டானா, சாதாரணமாக் கேட்டானான்னு புரியல. தாளைப் பார்த்தேன், அதுல இதுக்குப் பதில் இல்ல. "இல்லடா"ன்னு மட்டும் சொன்னேன். அவனும் வைக்கல, நானும் வைக்கல.