புதுப்பிப்பு: ஜிஎஸ்டி பதிவு எந்தத் தேதியிலிருந்து?

அக்டோபரில் எங்கள் பாத்திரக் கடையின் ஆண்டு விற்பனை, ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் வரம்பான 40 லட்சம் ரூபாயைத் தாண்டியது. பதிவுச் சான்றிதழ் வரும்வரை போட்ட பில்களுக்கு வரி உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். சான்றிதழ் வந்துவிட்டது, விடை, உண்டு.

வரம்பைத் தாண்டியது அக்டோபர் 8, விண்ணப்பித்தது 29, சான்றிதழ் கிடைத்தது நவம்பர் 5. பதிவு நடைமுறைக்கு வரும் தேதியாக அதில் இருப்பது அக்டோபர் 8. முப்பது நாளுக்குள் விண்ணப்பித்தால் வரம்பைத் தாண்டிய நாளே கணக்கு. தாமதித்தால் சான்றிதழ் வழங்கிய நாளிலிருந்துதான் பதிவு செல்லும். ஆனால் வரிப்பொறுப்பு பழைய தேதியிலிருந்தே தொடரும். அந்த இடைவெளிதான் ஆபத்து.

இடைப்பட்ட பில்களுக்குச் சான்றிதழ் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் வரியைக் காட்டித் திருத்திய பில் கொடுக்கலாம். பதிவு இல்லாத வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக ஒன்றே போதும். அவர்களைத் தேடிப்பிடித்து வரி வசூலிக்க முடியுமா என்ன? அந்த வரி நம் லாபத்தில்தான் போகும்.

ஆறுதல், அக்டோபர் 7 அன்று கையிருப்பில் இருந்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியை நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்கும் என்பது. ஓராண்டுக்கு மேற்பட்ட கொள்முதல் பில்கள் இதற்குச் செல்லாது. இருப்புப் பட்டியலை இந்த வாரமே எடுக்கிறோம்.