துதி நேரத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டம் இப்போது என் பொறுப்பு. பாட்டு முடிந்ததும் நேராக விண்ணப்பம்தான்: மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், அத்தைக்குச் சர்க்கரை. போன மாதம் ஜெபித்த வேலை என்ன ஆச்சு என்று நாமாகக் கேட்டால்தான், "ஆமா, கிடைச்சிருச்சு" என்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லாமலே அடுத்த விண்ணப்பம் தொடங்கிவிடுகிறது.

அதனால் முதல் கால் மணி நேரத்தைத் துதிக்கு மட்டும் ஒதுக்க நினைக்கிறேன். வேதாகமப் பாடலான 136-ஆம் சங்கீதத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்லலாம். 26 வசனத்திலும் அது வருவதால், வாசிக்கத் தெரியாத பாட்டிகளும் சேர்ந்துகொள்வார்கள். ஆயிரம் ஸ்தோத்திரங்களை (வரிசையாகச் சொல்லும் ஆயிரம் துதி வரிகளை) மடமடவென்று சொல்லி முடிப்பதில் எனக்கு அவ்வளவு மனமில்லை. பாதியில் அது ஓட்டப்பந்தயம் மாதிரி ஆகிவிடுகிறது.

என் தயக்கம் வேறு. சமீபத்தில் கணவரை இழந்த ஒரு அக்கா வருகிறார். வேதாகமத்தில் வரும் ஊழியர்களான பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில், கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடினார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களை யாரும் பாடச் சொல்லவில்லையே. 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று புலம்பித் தொடங்கி, ஆறே வசனத்தில் பாட்டில் முடிகிறது. அதிலிருந்து தொடங்கலாமா? இல்லை, அவரைப் பேசாமல் உட்கார விடுவதுதான் சரியா?

துக்கத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து துதி நேரம் நடத்தியவர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.