அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் எங்கள் வீட்டில் மாற்றியவை

போன வருடம் ஆடி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்கு அனுப்பும் முன் பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி: "உங்க பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரியே டேப்பை எடுத்து வீடு முழுக்க அளந்தேன்.

கும்பகோணத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. சக்கர நாற்காலி 26 அங்குலம், பாத்ரூம் வழி 25. வாசலில் இரண்டு படி, சேர்த்து ஓரடி உயரம். ஓரங்குலம் ஏற ஓரடி நீளச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. ஆக 12 அடி. நேராகக் கட்டினால் தெருவுக்குப் போய்விடும். அதனால் காம்பவுண்டுக்குள் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கட்டி வராந்தாவில் சேர்த்தோம். கோலம் போடும் இடம் அப்படியே இருக்கிறது.

நிலைப்படியில்தான் சிக்கல். 3 அங்குல உயரம். நாற்காலியின் முன்சக்கரம் அதில் முட்டி நின்றுவிடும். அறுத்து எடுத்துவிடலாம் என்றேன். "தாத்தா வச்ச நிலைடா, அதுல கை வைக்காதே" என்று அம்மா அழுதுவிட்டார். தச்சர்தான் வழி சொன்னார். படிக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று மூன்றடி நீளத்தில் இரண்டு சரிவுப் பலகைகள் செய்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை அவற்றை நகர்த்தி வைத்துவிட்டு அம்மா படிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறார்.

பாத்ரூமில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். சுவரை உடைத்து வழியை மூன்றடியாக்கி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு போட்டோம். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. இதுவரை சரி. தரையில் பதித்த பழைய கழிப்பறையை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைத்தபோது, சுவர் எந்தப் பக்கம் வருகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. உட்கார்ந்தால் சுவர் இடது பக்கம், கைப்பிடியும் அங்கே. அப்பாவுக்கு வேலை செய்வது வலது கை! முதல் நாள் அவர் பிடிமானம் தேடித் துழாவியதைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. பிறகு வலது பக்கம் தரையில் போல்ட் போட்டு நிற்கும் கைப்பிடி வைத்தோம். எந்தக் கை பலமான கை என்று பிளம்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பின்னறை அமைதியாக இருக்கும் என்று அப்பாவின் கட்டிலை அங்கே போட்டிருந்தோம். அவர் கூடத்தையே காட்டினார். அங்கே மாற்றினோம், இடது பக்கம் சுவரை ஒட்டி. வலது பக்கமாகத்தான் அவரால் எழுந்து நாற்காலிக்கு வர முடியும். உடம்பின் இடது பக்கத்தை இயக்கும் வலது மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் நிற்காது. அப்பாவும் தட்டில் இடது பக்கச் சோற்றைத் தொடாமலே வைத்துவிடுவார். அதற்காக பிசியோதெரபிஸ்ட் ஒரு யோசனை சொன்னார். தினசரி காலண்டரை இடது சுவரில், வலது கை குறுக்கே எட்டும் தூரத்தில் மாட்டினோம். காலையில் தாள் கிழிப்பது அப்பாவுக்கு முப்பது வருடப் பழக்கம். இப்போது அதற்காகவே திரும்புகிறார்.

மற்றவர்கள் என்ன செய்தீர்கள்?

கோவையிலிருந்து ஒருவர்:
அண்ணா, காலண்டர் யோசனையைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. என் மாமியாருக்கு கிளாக்கோமாவால் பார்வை பெரும்பகுதி போய்விட்டது. எங்கள் பாத்ரூமில் தரை, சுவர், கம்மோடு எல்லாமே வெள்ளை. அவருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. நாங்கள் உடைக்கவே இல்லை. கருநீல சீட் மாற்றினோம், படி ஓரங்களில் மஞ்சள் டேப் ஒட்டினோம், சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. அப்புறம் ஒரு கண்டிப்பு: நாற்காலியை இழுத்தவர் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும், குழந்தைகள் உட்பட.

நெல்லையிலிருந்து ஒருவர்:
சர்க்கரை நோயால் என் மனைவியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இனிமேல் நான் சமைக்கிறேன் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. சமையல் மேடை 33 அங்குலம், உட்கார்ந்து செய்ய அது உயரம். ஒரு பகுதியை மட்டும் இடித்து 29 அங்குலத்துக்கு இறக்கி, முழங்கால் உள்ளே போக அடியில் அலமாரி இல்லாமல் விட்டோம். முதல் நாள் சொதி வைத்தாள்.

கும்பகோணத்திலிருந்து, முதலில் எழுதியவர்:
நன்றி தங்கச்சி. சரிவின் ஓரம் சாயங்காலத்தில் அம்மாவுக்கும் சரியாகத் தெரிவதில்லை. இன்றே மஞ்சள் டேப் வாங்கி வருகிறேன். நெல்லை அண்ணனிடம் ஒரு கேள்வி: இறக்கிய மேடையில் கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? அப்பா காபி தானே போட வேண்டும் என்கிறார்.