தவணை பாக்கிக்குக் காரைத் தூக்கிவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: மூன்று தவணை பாக்கி. நேற்று இரவு வாசலில் நின்ற காரை ஃபைனான்ஸ் ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். நோட்டீஸ் வரவில்லை. மகளின் சான்றிதழ்கள் வண்டிக்குள் இருக்கின்றன. ஏலம் விட்டுவிடுவார்களா?

பதில்: அண்ணே, பதறாமல் கடன் ஒப்பந்தத்தை எடுங்கள். எடுக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்கும் முன் பணம் கட்ட கடைசி வாய்ப்பு, இரண்டும் அதில் இருக்க வேண்டும். இது நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்த விதி. நோட்டீஸ் தேவையில்லாத சூழ்நிலைகளும் எழுதியிருக்கும், அதையும் படியுங்கள். சான்றிதழ்களை இன்றே எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது!

இன்னொரு பதில்: மிரட்டினார்களா? அடியாள் வைத்து வண்டியைப் பிடுங்கக்கூடாது என்று 2007லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கேட்டவர்: மிரட்டினார்கள். அப்பா பயந்துவிட்டார். ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, படிக்கிறேன்.