வீட்டுக்குள் வைஃபை கேமரா: உங்களுக்கு என்ன நடந்தது?

கெடிலக்கரை:
திருப்பாதிரிப்புலியூரில் அம்மா தனியாக இருக்கிறார்கள், நான் புதுச்சேரியில். கூடத்தில் கேமரா மாட்ட வந்த தம்பியே தன் போனில் ஆப்பை ஏற்றி, கணக்கு தொடங்கி, எனக்கு ‘ஷேர்’ பண்ணிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தபோது, நலம் விசாரிக்கிற குரலிலேயே கேட்டார்: “அண்ணே, அம்மா கட்டிலை ஜன்னலோரம் மாத்திட்டாங்க போல? வெளிச்சம் அடிக்குது, கேமராவை லேசா திருப்பிக்குங்க.” கையில் வெண்டைக்காய்ப் பையோடு அப்படியே நின்றேன். கட்டில் மாறியது எனக்கே முந்தின நாள்தான் தெரியும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

லாஸ்பேட்டை 72:
எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கேமரா தானாகத் திரும்பியது. அந்த ‘ர்ர்ர்’ சத்தத்தில் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் என் கதை. ஆனால் கெடிலக்கரை, அந்தத் தம்பியை மட்டும் சொல்லிப் பயனில்லை. உங்கள் போனில் கணக்கு தொடங்கச் சொல்லியிருக்க வேண்டும். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. கம்பெனியே போட்டு அனுப்பும் அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்துகொண்ட கேமரா, படம் பதியும் டிவிஆர் பெட்டி எல்லாம் அதன் கைக்குப் போயின. அந்த அக்டோபரில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் சில மணி நேரம் முடங்கியது, அவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் ஏவிவிட்டதால்தான். அதனால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபை இருந்தால் கேமராவை அதில் போடுங்கள். படுக்கும் இடத்தைப் பார்த்தபடி வைக்கவே வைக்காதீர்கள்.

கரும்புக்காட்டான், நெல்லிக்குப்பம்:
லாஸ்பேட்டை ஐயா, உங்கள் கேமரா திரும்ப வெளியாள் வேண்டியதில்லை. அசைவைப் பின்தொடரும் வசதி போட்டிருந்தால் பல்லி ஓடினாலும் சிலது திரும்பும். அதைப் பார்த்தீர்களா?

நான் பழைய கேமரா ஒன்றை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். மெமரி கார்டு உள்ளேயே இருந்தது. போட்டால், யார் வீட்டு வாசலிலோ ஒரு குழந்தை கோலப்பொடியைத் தலையில் கொட்டிக்கொண்டு சிரிக்கிறது. பார்க்கக் கூடாததைப் பார்த்த மாதிரி நெஞ்சு படபடத்தது. உடனே அழித்துவிட்டேன். விற்கிறவர்கள் கார்டைக் கழற்றிவிட்டு விற்கக் கூடாதா? இங்கே விற்கும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கடையில் அதைப் பற்றி யார் கேட்கிறோம்? எத்தனை மெகாபிக்சல், என்ன விலை, அதோடு சரி.

கெடிலக்கரை:
லாஸ்பேட்டை ஐயா சொன்னபடி என் போனில் கணக்கு தொடங்கலாம் என்று ஊசியால் ரீசெட் பட்டனை அழுத்திப் பார்த்தேன். ‘வேறு கணக்கில் உள்ளது’ என்றே வருகிறது. மாட்டிய தம்பி தன் ஆப்பிலிருந்து நீக்கினால்தான் ஆகுமாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “மூணு மாசமா அந்தப் புள்ள பாத்துக்கிட்டா இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ப்ளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அதையும் நம்பாமல் அம்மா கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டிருக்கிறார்கள்.