அலையாத்தி, கடற்புல் மீட்பு வேலைக்குப் போக என்ன படிக்கணும்?

கயல்_ஜெகதை:
பிஎஸ்சி விலங்கியல் கடைசி வருஷம். ஊர் ஜெகதாப்பட்டினம், அப்பா நாட்டுப்படகு. அலையாத்திக் காடு, கடற்புல் மீட்கிற வேலைக்குப் போகணும்னு ஆசை. வீட்டுல "செடி நட எதுக்குடி டிகிரி, ஒழுங்கா பிஎட் படி"ங்கிறாங்க. மேல என்ன படிக்கலாம்? சம்பளம் ஒழுங்கா வருமா?

சேத்துக்கால்:
முத்துப்பேட்டைப் பக்கம் இந்த வேலைதான் பார்க்கிறேன் தங்கச்சி. செடி நடுறது இதுல கடைசி வேலைன்னு வீட்டுல சொல்லு. தண்ணி ஏறி இறங்க வழி பண்றதுதான் பெரும்பாடு. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, மொட்டையா வெட்டுன இடமெல்லாம் தரை காஞ்சு அமுங்கி, தாம்பாளம் மாதிரி ஆயிடுச்சு. உள்ள வந்த கடல்தண்ணி வெளிய போக வழியில்லாம அங்கேயே வத்தி உப்பேறும். அப்புறம் உப்பைத் தாங்குற உமரிச் செடி மட்டும்தான் முளைக்கும். அதுக்குத்தான் பிச்சாவரத்துலயும் இங்கயும் வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வாய்க்கால் வெட்டுனாங்க; நடுவுல பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் முள்ளு மாதிரி கிளை வாய்க்கால். வெண்கண்டல்ங்கிற அலையாத்தி மரத்தோட விதையை வாய்க்கால் சரிவுல, ஓதம் (கடல் ஏத்தத்துல வர்ற தண்ணி) தொட்டுட்டுப் போற மட்டத்துல ஊனணும். கொஞ்சம் மேல போனா காயும், கீழ போனா மூழ்கும். அதனால தரை மட்டம் அளக்க, ஜிபிஎஸ், கியூஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போடுற மென்பொருள்) எல்லாம் கத்துக்கோ. சேத்துல குழி தோண்டி, ஊறி வர்ற தண்ணி ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டர்ங்கிற உப்பு அளக்குற கருவியோட கண்ணாடியில விட்டுப் பாரு. கடல்தண்ணி ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புன்னு காட்டும். செத்த தரையில கோடு எங்கயோ மேல நிக்கும்.

படிக்கிறதுன்னா பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலையோட கடல் உயிரியல் மையம், வெள்ளாத்துக் கழிமுகத்துலயே இருக்கு.

சம்பளம்? ப்ராஜெக்ட் ஓடுற வரைக்கும் வரும். ஒரு இடத்துல நிதி வரலைன்னு மாசக்கணக்கா இழுத்தடிச்சாங்க. தவணை கட்டுற கடன் எதையும் வச்சுக்கிட்டு இதுல இறங்காத.

பாக்விரிகுடா:
வேலை உங்க வாசல்லயே கிடக்குதேம்மா! 2022-ல ஆவுளியா பாதுகாப்பகம்னு அறிவிச்ச 448 சதுர கிலோமீட்டர் கடல், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம்தான். ஆவுளியான்னா கடல்பசு, அதுக்குக் கடற்புல்தான் சாப்பாடு. மூங்கில் சட்டத்துல கயிறைக் குறுக்கும் நெடுக்குமாக் கட்டி, புல்லை வேரோட அதுல முடிஞ்சு, அடியில இறக்கி வைக்கிற வேலை இந்தக் கடல்ல நடந்திருக்கு. எந்த இடத்துல புல் மண்டியிருக்கு, எங்க இழுவை மடி வழிச்சுட்டுப் போச்சுன்னு உங்க அப்பாவைக் கேளுங்க. அதை மேப்ல குறிச்சு எடுத்துட்டுப் போனா இன்டர்ன்ஷிப் கேட்க நல்ல பிடி.

நெய்தல்77:
நிரந்தர வேலைதான் வேணும்னா டிஎன்பிஎஸ்சி வனத் தொழில் பழகுநர் தேர்வு எழுதுங்க. விலங்கியலுக்கு அதுல இடம் உண்டு. ஆனா கடலோரத்துலயே போஸ்டிங் கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க, மலையில போட்டாலும் போட்டதுதான்.

கயல்_ஜெகதை:
எல்லாருக்கும் நன்றி. அப்பாகிட்ட கேட்டதும் சோத்தைப் பாதியில வச்சுட்டு, காலண்டர் பின்னாடி படம் போட ஆரம்பிச்சுட்டார். சேத்துக்கால் அக்கா, கியூஜிஐஎஸ் காசு கட்டிப் படிக்கணுமா?

சேத்துக்கால்:
வேண்டாம், இலவசம்தான். அப்பா போட்ட படத்தை போட்டோ எடுத்து, அதுலயே பழகு. படகுல ஜிபிஎஸ் இருந்தா பாயிண்டையும் குறிச்சுட்டு வரச் சொல்லு.